பழிகரப்பு அங்கதமும் ஆள்வோர் நகையும்: பிரித்தானியத் தொலைக்காட்சி அரசியல் நகைச்சுவையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இருவகைப்படுத்துகிறார். மெய்ப்பாட்டியலில் நகைக்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைச் சுட்டுகிறார். இவ்விரு கருத்தாக்கங்களையும் துணையாகக் கொண்டு, 1962 முதல் 2012 வரை பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நான்கு அரசியல் அங்கத நிகழ்ச்சிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. அவற்றுள் ‘யெஸ் மினிஸ்டர்’ தொடர் மையமாக அமைகிறது. எள்ளப்படுவோரே எள்ளலை விரும்பிச் சுவைக்கும்போது அங்கதத்தின் ஆற்றல் என்னவாகிறது என்பதே இவ்வாய்வின் வினா. செம்பொருள் அங்கதம் ஆளைத் தாக்கி அமைப்பை விட்டுவிடுகிறது. பழிகரப்பு அங்கதம் அமைப்பைத் தாக்கி ஆளுக்குத் தப்பும் வழியைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அங்கதம், செம்பொருள், பழிகரப்பு, எள்ளல், மெய்ப்பாடு, தொலைக்காட்சி நகைச்சுவை, ஆட்சிமொழி.

முன்னுரை

அதிகாரத்தை நோக்கி எழும் நகைப்பு அதிகாரத்தைத் திருத்துமா என்பது அங்கத இலக்கிய ஆய்வில் தீராத வினாவாகும். 1961இல் இலண்டன் சோஹோ பகுதியில் ‘தி எஸ்டாப்ளிஷ்மெண்ட்’ என்னும் அங்கத அரங்கைத் தொடங்கியவர் நகைச்சுவைக் கலைஞர் பீட்டர் குக். ஹிட்லரின் எழுச்சியையும் இரண்டாம் உலகப் போரையும் தடுப்பதற்கு அரும்பாடுபட்ட பெர்லின் நகர அங்கத அரங்குகளே தமக்கு முன்மாதிரி என்று அவர் கூறியதாக அறியப்படுகிறது. அவ்வரங்குகள் எதனையும் தடுக்கவில்லை என்பதே அக்கூற்றில் பொதிந்த கைப்பு. பிரித்தானிய அரசியல் அங்கதம் தன் தொடக்கத்திலேயே தன் இயலாமையைத் தானே எள்ளிக்கொண்டது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

இவ்வையத்தை ஆராய்வதற்குத் தமிழ் இலக்கண மரபில் ஏற்ற கருவிகள் உள்ளன. பழியை வெளிப்படக் கூறுவது செம்பொருள் அங்கதம். அது வசை எனவும் பெயர் பெறும். மொழியைக் கரந்து கூறுவது பழிகரப்பு. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வது போலப் பழித்த புறநானூற்றுப் பாடல் (95) இவ்விரண்டாம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தொல்காப்பியர் செய்யுளுக்கு வகுத்த பாகுபாட்டைக் காட்சி ஊடகத்திற்குப் பொருத்துகையில் ஓர் எல்லையை உணர்தல் வேண்டும். செய்யுளில் கரப்பது சொல். தொலைக்காட்சியில் பெயர், முகம், கட்சி, நிகழ்ச்சி ஆகிய அனைத்தும் கரக்கப்படலாம். அதனால் எது கரக்கப்படுகிறது என்னும் வினாவோடு கரத்தலால் யாருக்குப் பயன் என்னும் வினாவையும் உடன் எழுப்ப வேண்டியுள்ளது.

செம்பொருள் அங்கதம்: இரு நிகழ்ச்சிகள்

பிபிசி 1962 நவம்பரில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘தட் வாஸ் தி வீக் தட் வாஸ்’ பிரித்தானியத் தொலைக்காட்சியின் முதல் பெரிய அரசியல் அங்கத நிகழ்ச்சியாகக் கருதப்படுகிறது. நெட் ஷெரின் உருவாக்கிய இந்நிகழ்ச்சியை டேவிட் ஃப்ராஸ்ட் தொகுத்து வழங்கினார். சனிக்கிழமை இரவுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதனைக் கண்டனர். 1959 பொதுத்தேர்தலுக்குப் பின் நாடாளுமன்றத்தில் ஒருமுறையும் பேசாத உறுப்பினர்களின் பெயர்களை இந்நிகழ்ச்சி வெளிப்படையாக அறிவித்தது. அதன்மேல் அவையிலேயே முறையீடு எழுந்தது. உள்துறை அமைச்சர் ஹென்றி புரூக் பெயர் சுட்டியே எள்ளப்பட்டார். பெயர், பதவி, செயல் மூன்றும் வெளிப்பட நின்றமையால் இது செம்பொருள் அங்கதமாகும்.

இதனைக் கண்ட ஆட்சியாளரின் எதிர்வினை இக்கட்டுரைக்கு முதன்மையானது. நிகழ்ச்சியின்மீது நடவடிக்கை எடுக்க எண்ணிய அமைச்சரைத் தலைமை அமைச்சர் ஹெரால்ட் மாக்மில்லன் தடுத்தார். கண்டுகொள்ளப்படாமல் போவதினும் நகைக்கப்படுவது நல்லது என்பது அவர் கருத்து. எனினும் நிகழ்ச்சி 1963 டிசம்பரோடு நின்றது. அடுத்த ஆண்டு தேர்தல் ஆண்டு என்பதே பிபிசி கூறிய காரணம். நடுநிலை பேணும் கடப்பாடுடைய ஒரு பொது நிறுவனம், பெயர் சுட்டும் அங்கதத்தைத் தேர்தற் காலத்தில் தாங்க இயலாது என்னும் பாடம் இதனால் பெறப்பட்டது.

இருபதாண்டுகளுக்குப் பின் ஐடிவி அலைவரிசையில் வெளிவந்த ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ (1984-1996) செம்பொருள் அங்கதத்தை அதன் உச்சத்திற்குக் கொண்டு சென்றது. பீட்டர் ஃப்ளக், ரோஜர் லா ஆகியோர் வடித்த இரப்பர்ப் பாவைகள் தலைவர்களின் முகங்களை மிகைப்படுத்திக் காட்டின. மார்கரெட் தாட்சர் ஆடவர் உடையில் தோன்றினார். அமைச்சர்களோடு உணவகத்தில் அமர்ந்து தமக்கு இறைச்சி கேட்கிறார் தாட்சர். காய்கறிகளுக்கு என்ன என்று பணியாளர் வினவுகிறார். அவர்களுக்கும் அதுவே போதும் என்று விடை வருகிறது. அமைச்சரவை முழுவதையும் ஒரு சொல்லின் இருபொருளில் அடக்கிய இக்காட்சி இன்றளவும் பேசப்படுகிறது.

இந்நிகழ்ச்சியின் தாக்கத்திற்கு உள்ளானவர்களுள் லிபரல் கட்சித் தலைவர் டேவிட் ஸ்டீல் குறிப்பிடத்தக்கவர். கூட்டணித் தலைவர் டேவிட் ஓவனின் சட்டைப்பையில் அடங்கும் சிற்றுருவாக அவர் காட்டப்பட்டார். அச்சித்திரிப்பு தம் பொதுமதிப்பைக் குறைத்ததாக ஸ்டீலே பின்னர் கருதினார். ஆனால் வலிமையை மிகைப்படுத்திக் காட்டிய தாட்சரின் பாவை அவரைச் சிறுமைப்படுத்தியதா, அஞ்சத்தக்க தலைவராக உயர்த்தியதா என்பது ஐயத்திற்குரியது. அமைச்சர்களை அடக்கியாளும் தலைவர் என்னும் உரு, அவர் விரும்பிய உருவிலிருந்து வெகு தொலைவில் இல்லை. செம்பொருள் அங்கதம் மெலியாரை மெலிவித்து வலியாரை வலியாராகவே விட்டுவிடக்கூடும் என்பதை இவ்விரு பாவைகளும் காட்டுகின்றன.

பழிகரப்பு அங்கதம்: ‘யெஸ் மினிஸ்டர்’

ஆன்டனி ஜே, ஜோனதன் லின் ஆகிய இருவரும் எழுதிய ‘யெஸ் மினிஸ்டர்’ 1980 பிப்ரவரியில் பிபிசி இரண்டாம் அலைவரிசையில் தொடங்கியது. அதன் தொடர்ச்சியான ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ 1986 முதல் 1988 வரை வெளிவந்தது. முன்னோட்டப் பகுதி 1979இலேயே எடுக்கப்பட்டபோதிலும் பொதுத்தேர்தலை முன்னிட்டு ஒளிபரப்பு தள்ளிவைக்கப்பட்டது. 1963இல் கற்ற பாடத்தின் தொடர்ச்சியாக இதனைக் காணலாம்.

நிர்வாக விவகாரத் துறை என்னும் கற்பனைத் துறையின் அமைச்சர் ஜிம் ஹேக்கர். அத்துறையின் நிரந்தரச் செயலர் சர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி. அமைச்சரின் தனிச்செயலர் பெர்னார்ட் வூலி. இம்மூவரையும் முறையே பால் எடிங்டன், நைஜல் ஹாத்தார்ன், டெரெக் ஃபோல்ட்ஸ் ஆகியோர் நடித்தனர். அமைச்சர் புதிது புதிதாகத் திட்டமிடுகிறார். செயலர் அதனைப் பணிவோடு தடுக்கிறார். இறுதியில் பெரும்பாலும் ‘ஆம், அமைச்சரே’ என்னும் தொடரோடு பகுதி நிறைவுறுகிறது. இசைவைக் குறிக்கும் அத்தொடர் பல பகுதிகளில் அமைச்சரின் தோல்வியை அறிவிப்பதாக அமைவது நாடகத்தின் அடிப்படை முரண்.

இத்தொடரில் கரக்கப்பட்டவை மூன்று. முதலாவது, கட்சி. ஹேக்கர் எக்கட்சியினர் என்பது தொடர் முழுவதிலும் கூறப்படவில்லை. இரண்டாவது, காலத்தின் உண்மைத் தலைவர்கள். மூன்றாவது, கதைகளின் மூலங்கள். ஹெரால்ட் வில்சனின் தலைமை அமைச்சர் அலுவலகத்தில் பணியாற்றிய மார்சியா வில்லியம்ஸ், பெர்னார்ட் டோனஹியூ ஆகியோரிடமிருந்து ஆசிரியர்கள் செய்தி பெற்றனர். வில்சன் அமைச்சரவையில் இருந்த ரிச்சர்ட் கிராஸ்மனின் நாட்குறிப்புகளும் மூலமாயின. அந்நாட்குறிப்புகளை வெளியிடாமல் தடுக்க அரசு 1975இல் நீதிமன்றம் சென்று தோற்றது. அதிகாரம் மறைக்க விரும்பிய செய்தியே ஆளும் இடமும் மாற்றப்பெற்று நகைச்சுவையாக வெளிப்பட்டது. கரத்தல் இங்கே வெளிப்படுத்துவதற்கு வழியாயிற்று.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களன்களும் இத்தொடரில் தனித்தனியே அறியக்கிடக்கின்றன. செய்தித்தாளில் தம் படம் வருமென்றால் மகிழ்ந்தும் வாராதென்றால் வாடியும் நிற்கும் ஹேக்கரிடம் இளமை, அதாவது பிள்ளைத்தன்மை, வெளிப்படுகிறது. தம் துறையில் நடப்பதை அறியாமை பேதைமை. மடன் என்பதைக் கொண்டது விடாமை என்று கொள்ளும் உரைமரபு உண்டு. அவ்வகையில் நடைமுறையை எந்நிலையிலும் விடாத ஹம்ஃப்ரியிடமே மடன் உறைகிறது. அறிவில் மிக்கவர் ஹம்ஃப்ரி, ஆயினும் நகைக்குரியவராகிறார். அறிவுடையார்மாட்டு மடன் நிற்பதைக் காட்டியதே இத்தொடரின் தனித்திறன்.

‘தி கம்பேஷனேட் சொசைட்டி’ (1981) என்னும் பகுதி இதற்குத் தக்க சான்று. அதில் ஒரு புதிய மருத்துவமனையில் ஐந்நூறு நிர்வாகப் பணியாளர்கள் பணியாற்றுகின்றனர். நோயாளர் ஒருவரும் இல்லை. அமைச்சர் அதிர்ச்சியடைகிறார். நாட்டின் மிகச் சிறப்பாக நடைபெறும் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று என்றும், தூய்மைக்கான பரிசுக்குத் தகுதி பெற்றுள்ளது என்றும் அவருக்கு விளக்கம் தரப்படுகிறது. நோயாளர் இல்லாமையால் தூய்மை குன்றவில்லை என்பது தருக்க முறையில் பிழையற்றது. நோக்கம் அழிந்தபின்னும் நடைமுறை தன்னைத் தானே நியாயப்படுத்திக்கொள்ளும் நிலையை இக்காட்சி வெளிப்படுத்துகிறது. எந்தத் துறையின் பெயரும் எந்த அமைச்சரின் பெயரும் இன்றியே எல்லாத் துறைகளுக்கும் இது பொருந்துகிறது.

ஆட்சிமொழியே எள்ளற்பொருள்

இத்தொடரின் மெய்யான எள்ளற்பொருள் மொழி எனலாம். மூன்று மாந்தரும் மூன்று மொழிநடைகளைச் சார்ந்தவர்கள். ஹம்ஃப்ரி ஒன்றைச் சொல்லாமலிருக்க விரும்பும்போது வாக்கியத்தை நீட்டுகிறார். எச்சத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும், எதிர்மறைகள் இரட்டிக்கும், வினைமுதல் மறைந்து செயப்பாட்டுவினை மேலோங்கும். யார் செய்தார் என்பதற்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. பொறுப்பை மறைப்பதற்கு இலக்கணமே கருவியாகிறது. ஹேக்கரோ மேடை முழக்கத்திற்குத் தாவுகிறார். சர்ச்சிலின் குரல் அவர் தொண்டையில் ஏறிவிடும். பெர்னார்ட் உருவகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையைச் சுட்டித் திருத்துவார். அரசியல்வாதியின் தேய்ந்த உருவகங்களை எழுத்தெண்ணிப் படிக்கும் மாணவரைப் போல அவர் அணுகுவதால் அவற்றின் வெறுமை புலப்படுகிறது.

சொற்பொருள் மாற்றத்திற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ‘துணிவு’ என்னும் சொல். ‘தி ரைட் டு நோ’ (1980) பகுதியில் ஒரு முடிவு சர்ச்சைக்குரியது எனப்பட்டால் அதனால் சில வாக்குகள் போகும் என்றும், துணிவானது எனப்பட்டால் தேர்தலே போகும் என்றும் பொருள் விளக்கப்படுகிறது. புகழ்ச்சொல் அச்சுறுத்தலாகிறது. தொண்டைமானின் பளபளக்கும் படைக்கலங்களைப் புகழ்ந்த அதே உத்தி இங்கே செயலருக்கும் அமைச்சருக்கும் இடையே நிகழ்கிறது. நாடகமாந்தர் தமக்குள் பழிகரப்பைப் பயன்படுத்த, நாடகம் முழுவதும் பார்வையாளரை நோக்கிய பழிகரப்பாக அமைகிறது. இவ்விரட்டை அமைப்பு ஏனைய மூன்று நிகழ்ச்சிகளில் இவ்வளவு முழுமையாக இல்லை.

இதனோடு ஒத்துநோக்கத்தக்கது ‘தி மினிஸ்டீரியல் பிராட்காஸ்ட்’ (1986) பகுதியில் வரும் கருத்துக்கணிப்புக் காட்சி. கட்டாயப் படைப்பணி குறித்து வினாக்களை ஒரு வரிசையில் கேட்டு பெர்னார்டை ஆம் என்று சொல்லவைக்கிறார் ஹம்ஃப்ரி. வேறொரு வரிசையில் கேட்டு அதனையே மறுக்கவும் வைக்கிறார். விடையளிப்பவரின் கருத்தை வினாவே உருவாக்குகிறது என்னும் ஆய்வுமுறைச் சிக்கல் சில மணித்துளிகளில் எளிய பார்வையாளருக்கும் விளங்கிவிடுகிறது. இத்தகைய இடங்களில் அங்கதம் கல்வியாகவும் செயற்படுகிறது.

எள்ளப்பட்டார் நகைத்தல்

எள்ளல் பற்றி உரையாசிரியர் பேராசிரியர் தரும் விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தான் பிறரை எள்ளி நகுதலும் பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் என அதனை அவர் இருகூறாக்குகிறார். இரண்டாம் கூறு ‘யெஸ் மினிஸ்டர்’ வரலாற்றில் ஓர் அரிய நிகழ்ச்சியாகவே நடந்தேறியது.

தாட்சர் இத்தொடரை வெளிப்படையாகப் பாராட்டிவந்தார். 1984 ஜனவரியில் மேரி வொயிட்ஹவுஸ் தலைமையிலான தேசியப் பார்வையாளர் நேயர் சங்கம் இத்தொடருக்கு விருது வழங்கியது. அவ்விழாவில் தாட்சரே எடிங்டன், ஹாத்தார்ன் இருவருடன் ஒரு குறுநாடகத்தில் நடித்தார். பொருளாதார அறிஞர்களை ஒழிக்கவேண்டும் என்று தலைமை அமைச்சர் கட்டளையிடுவதே அதன் கதை. தம் ஆட்சியின்மேல் அங்கதம் புனையும் கலைஞர்களைத் தம் நாடகத்தின் துணைமாந்தராக்கிக்கொண்டார் ஆட்சித் தலைவர். ஏற்புரை வழங்கிய ஜோனதன் லின், தாட்சர் சூழ்நிலை நகைச்சுவைத் துறையில் தமக்குரிய இடத்தை ஒருவழியாக அடைந்துவிட்டதற்கு நன்றி கூறினார். மேடையை ஆட்சியாளர் கைப்பற்றிய அவ்வேளையில் ஒரு பழிகரப்புத் தொடரால் அதனை எழுத்தாளர் மீட்டுக்கொண்டார் எனலாம்.

தாட்சர் ஏன் நகைத்தார்? கரத்தலின் அமைப்பிலேயே விடை உள்ளது. கட்சியும் ஆளும் கரக்கப்பட்டமையால், எள்ளப்படுவோர் பழியைப் பிறர்மேல் ஏற்றிக்கொள்ள இயலும். அரசியல்வாதி ஹம்ஃப்ரியைக் கண்டு நகைப்பார். அதிகாரி ஹேக்கரைக் கண்டு நகைப்பார். அரசு அலுவலர் எண்ணிக்கையையும் செலவையும் குறைக்க முனைந்தது தாட்சரின் ஆட்சி. 1979இல் டெரெக் ரேனரின் தலைமையில் திறன் ஆய்வு தொடங்கியது. 1988இல் ‘நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ அறிக்கையின் வழியே துறைப்பணிகள் தனி முகமைகளுக்கு மாற்றப்பட்டன. நோயாளரில்லா மருத்துவமனை அத்தகைய கொள்கைக்கு ஒரு விளக்கப்படமாகப் பயன்படக்கூடியது. தொடர் இக்கொள்கையை விளைத்தது என்று கூறச் சான்றில்லை. ஆயின் ஆட்சியாளர் தம் கொள்கையின் மெய்ப்பை அதில் கண்டனர் எனக் கருத இடமுண்டு. ஆசிரியர் இருவருள் ஜே பழமைவாதச் சார்பும் லின் இடதுசாரிச் சார்பும் உடையவர்கள் என்பதும் நினையத்தக்கது. ஒரே பனுவல் இரு நோக்கிற்கும் இடந்தந்தமைக்கு இக்கூட்டுப் படைப்பும் ஒரு காரணமாகலாம்.

சொல்லாகி எஞ்சும் அங்கதம்: ‘தி திக் ஆஃப் இட்’

அர்மாண்டோ யனூச்சி உருவாக்கிய ‘தி திக் ஆஃப் இட்’ (2005-2012) ‘யெஸ் மினிஸ்டர்’ வழியில் தோன்றி அதினின்று விலகியது. யனூச்சி 2004இல் பிபிசி நடத்திய சிறந்த நகைச்சுவைத் தொடர் தேர்வில் ‘யெஸ் மினிஸ்டர்’ தொடருக்காக வாதாடியவர். இங்கும் கற்பனைத் துறை, கற்பனை அமைச்சர். ஆனால் அதிகாரம் நிரந்தரச் செயலரிடம் இல்லை; செய்தித் தொடர்பை ஆளும் மால்கம் டக்கரிடம் (பீட்டர் கபால்டி) உள்ளது. நாளைய தலைப்புச் செய்தியே இன்றைய கொள்கையை முடிவுசெய்கிறது. ஹம்ஃப்ரியின் நீண்ட வாக்கியம் மறைந்து வசைமொழி அதன் இடத்தைப் பிடிக்கிறது. வடிவில் பழிகரப்பாகவும் மொழியில் வசையாகவும் அமைந்தமையால் தொல்காப்பியர் பகுத்த இருவகையும் இதில் கலக்கின்றன.

இத்தொடரின் 2009ஆம் ஆண்டுப் பகுதியொன்றில் முழுமையான குளறுபடியைக் குறிக்க ‘ஆம்னிஷாம்பிள்ஸ்’ என்னும் புதுச்சொல் ஆளப்பட்டது. 2012 ஏப்ரலில் எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் அரசின் வரவுசெலவுத் திட்டத்தைச் சாட அச்சொல்லை நாடாளுமன்றத்தில் பயன்படுத்தினார். அவ்வாண்டே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் அதனைப் பிரித்தானியாவின் ஆண்டுச்சொல்லாக அறிவித்தனர். அரசியல்வாதிகள் அனைவரையும் எள்ளப் பிறந்த சொல், ஓர் அரசியல்வாதி மற்றொருவரை எள்ளும் படைக்கலமாயிற்று. மறுதலையாக, மக்களவையின் காட்சிப்பதிவுகளை அங்கத நிகழ்ச்சிகளில் பயன்படுத்த நாடாளுமன்ற விதிகள் தடை விதித்தன. அங்கதத்தின் சொல்லை அவை எடுத்துக்கொண்டது. தன் காட்சியை அங்கதத்திற்குத் தர மறுத்தது. கொடுக்கல் வாங்கலில் இச்சமனின்மை அதிகாரம் அங்கதத்தை எந்த எல்லைக்குள் ஏற்கிறது என்பதைப் புலப்படுத்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. செம்பொருள் அங்கதம் ஆளை அடையாளம் காட்டுவதால் உடனடி விளைவு தரவல்லது. எனினும் அது நிறுவனத் தடைக்கு எளிதில் ஆட்படுகிறது, மெலிந்த தலைவரையே மிகுதியும் பாதிக்கிறது, அமைப்பைத் தொடுவதில்லை.

2. பழிகரப்பு அங்கதம் அமைப்பின் இயக்கத்தை வெளிக்கொணர்கிறது. பெயர்கள் கரக்கப்பட்டமையால் நெடுங்காலம் வாழ்கிறது. அதே கரத்தல், பழிக்குரியார் பழியைப் பிறர்மேல் ஏற்றித் தாமும் உடன்நகைக்க வழிவிடுகிறது. பழி கரத்தல் பழி கரைதலாக மாறும் இடம் இதுவே.

3. பேராசிரியர் சுட்டும் ‘எள்ளப்பட்டவழி நகுதல்’ அரசியல் அங்கத ஆய்வில் ஓர் அளவுகோலாகப் பயன்படத்தக்கது. மாக்மில்லனின் பொறுமையும் தாட்சரின் மேடைத்தோற்றமும் மிலிபாண்டின் சொல்லாட்சியும் அதன் மூன்று படிநிலைகள்: தாங்குதல், தன்மயமாக்கல், கையாளுதல்.

4. ஆள்வோர் நகைத்தனர் என்பதால் மட்டும் அங்கதம் தோற்றது எனல் பொருந்தாது. ‘துணிவான முடிவு’ என்னும் தொடரைச் செய்தியில் கேட்கும் ஒருவர் அதன் மறைபொருளைத் தேடுவாராயின், அத்தொடர் பழைய ஆற்றலோடு அவரை ஏமாற்ற இயலாது. பழிகரப்பு அங்கதத்தின் நிலைத்த பயன் ஆள்வோரிடத்தன்று. கேட்போரின் சொல்லறிவிலேயே உள்ளது.

ஔவையாரின் சொல் தொண்டைமான் உள்ளத்தில் என்ன விளைத்தது என்பதைப் புறநானூறு கூறவில்லை. பாடல் மட்டும் எஞ்சியுள்ளது. அங்கதத்தின் ஆற்றலை எள்ளப்பட்டார் முகத்தில் தேடுவதினும் அதனைக் கேட்டுப் பொருளுணர்ந்தவர் செவியில் தேடுவதே ஆய்வுக்கு ஏற்ற நெறியாகும்.